பிக்கப் வண்டியை முதலில் செய்தது யார்?

பிக்கப் என்றதும் ஃபோர்டு, செவர்லே என்று கம்பெனி பெயர்கள்தான் ஞாபகத்துக்கு வரும். வாங்கியவர்கள் அதை உயர்த்துவதும் தாழ்த்துவதும், பெரிய சக்கரம் மாட்டுவதும் வேலையில்லாத வாலிபர்களின் பொழுதுபோக்கு என்று ஒரு நினைப்பு நமக்கு. அமெரிக்க வரலாற்றைப் புரட்டினால் வரிசை தலைகீழாக இருக்கிறது. வண்டியைப் பிரித்து மேய்ந்தவர்கள் முதலில் வந்தார்கள். கம்பெனி பின்னால் வந்தது.

1908-ல் ஹென்றி ஃபோர்டின் மாடல் டி கார் சந்தைக்கு வந்தது. விலை 850 டாலர். 1913-ல் அசெம்பிளி லைன் முறை வந்த பிறகு விலை சரசரவென்று இறங்கியது. விலை குறைந்ததற்கு ஒரு காரணம், வண்டியில் ஒன்றுமே இல்லாததும்தான்! பெட்ரோல் அளவு காட்டும் கருவி கிடையாது. சீட்டைத் தூக்கி, தொட்டிக்குள் குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். பெட்ரோல் தானாக வடிந்துதான் எஞ்சினுக்குப் போகும். தொட்டியில் கொஞ்சமாக இருக்கும்போது செங்குத்தான மேடு வந்தால் வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றினார்கள். கிண்டலுக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான்.

அதை வாங்கிய கிராமத்து விவசாயிகளுக்குக் கார் சவாரி மட்டும் போதவில்லை. பின்பக்கத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, பலகையில் ஒரு பெட்டி அடித்து மாட்டினார்கள். பால் கேன், முட்டை, தீவன மூட்டை எல்லாம் அதில் ஏறின. அதோடு விடவில்லை. பின் சக்கரம் ஒன்றை ஜாக்கி போட்டுத் தூக்கி, அதில் பெல்ட் மாட்டி விறகு அறுத்தார்கள், தண்ணீர் இறைத்தார்கள். இதற்குக் கைகொடுத்தது டிஃபரன்ஷியல். தரையில் இருக்கும் சக்கரம் நின்றுகொள்ள, சுழற்சி முழுவதும் தூக்கி வைத்த சக்கரத்துக்குப் போய்விடும். ஒரு தொல்லை, வண்டி நின்ற இடத்திலேயே ஓடுவதால் ரேடியேட்டர் கொதிக்கும். வாட்டர் பம்ப் இல்லாத எஞ்சின் ஆயிற்றே!

காமர்ஸ் படிக்கிறவன் என்பதால் எனக்கு இதில் பிடித்த பகுதி இனிமேல்தான். கான்சாஸ் சிட்டியில் ஒரு கராஜில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் ஜார்ஜ் பெப்பர்டைன். 1909-ல் 5 டாலருக்குத் தபால் தலை வாங்கி, கார் வைத்திருப்பவர்களுக்கு உதிரி பாகப் பட்டியல் அனுப்பினார். அதுதான் வெஸ்டர்ன் ஆட்டோ என்ற பெரிய கடைச் சங்கிலியின் ஆரம்பம். கலிஃபோர்னியாவில் உள்ள பெப்பர்டைன் பல்கலைக்கழகத்தை 1937-ல் நிறுவியவரும் இவரே. கம்பெனி வைக்காமல் விட்ட குறைகள்தான் அவருடைய மூலதனம்.

சிகாகோவில் இருந்து 'ஸ்மித் ஃபார்ம்-எ-டிரக்' என்று ஒரு கிட் வந்தது. காரின் சட்டத்தை நீட்டி, பின்னால் கனமான சக்கரங்களை வைத்து, காருடைய பழைய பின் அச்சிலிருந்து செயின் போட்டு ஓட்டும் ஏற்பாடு. காரை வாங்கி அதை லாரியாக்கிக்கொள்ளலாம். ஃபோர்டு தன் சொந்த ஒரு டன் சேஸிஸை (மாடல் டிடி) 1917-ல்தான் கொண்டுவந்தது. அதுவும் வெறும் சேஸிஸ். மேலே பாடி கட்டுவது வாங்கியவர் பாடு.

கடைசியாக 1925 ஏப்ரலில் ஃபோர்டு 'பிக்கப் பாடியுடன் ரன்அபவுட்' என்று ஒன்றை 281 டாலருக்கு விற்க ஆரம்பித்தது. பின்னால் இரும்புப் பெட்டி, சாய்க்கக்கூடிய கதவு, குச்சி நட நான்கு குழிகள், கனமான பின் ஸ்பிரிங். வேறொன்றும் இல்லை. அப்போது சாதாரண ரன்அபவுட் 260 டாலர். பத்துப் பதினைந்து வருடங்களாக விவசாயி தன் கொட்டகையில் ஆணி அடித்துச் செய்துகொண்டிருந்த வேலைக்குக் கம்பெனி போட்ட கூலி 21 டாலர் என்று நான் கணக்குப் போட்டுக்கொள்கிறேன். முதல் வருடமே சுமார் 34,000 விற்றது. சந்தை ஆராய்ச்சிச் செலவு? அதை வாடிக்கையாளர்களே ஏற்றுக்கொண்டார்கள் :)

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. 1960-களின் ஆரம்பத்தில் ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழி இறைச்சி மீது வரியைக் கூட்டின. பதிலுக்கு அதிபர் ஜான்சன், இறக்குமதியாகும் சிறிய சரக்கு வண்டிகள் மீது 25 சதவீத வரி போட்டார். 1964-ல் அது அமலுக்கு வந்தது. 'கோழி வரி' என்றே அதற்குப் பெயர். ஆனால் பெட்டி இல்லாத வெறும் கேபினும் சேஸிஸுமாக வந்தால் வரி 4 சதவீதம்தான். உடனே ஜப்பானில் இருந்து பிக்கப்கள் பெட்டி இல்லாமல் கப்பல் ஏறின, அமெரிக்காவில் இறங்கியதும் பெட்டியை மாட்டினார்கள். மஸ்டா செய்து ஃபோர்டு தன் பெயரில் விற்ற கூரியரும் இப்படி வந்ததுதான். 1980-ல்தான் இந்த ஓட்டையை அடைத்தார்கள். கொட்டகை விவசாயி செய்ததைத் துறைமுகத்தில் கம்பெனிகளே செய்தன!

இந்தக் குட்டி ஜப்பான் வண்டிகளைத்தான் கலிஃபோர்னியா இளைஞர்கள் தரையோடு தரையாகத் தாழ்த்தினார்கள். அச்சுக்கு மேலே இருக்கும் ஸ்பிரிங் பட்டையைக் கீழே கொண்டுபோனால் போதும், வண்டி பல அங்குலம் இறங்கிவிடும். இறங்கிய வண்டியின் அச்சு சட்டத்தில் இடிக்கும் என்பதால் சட்டத்தை அரைவட்டமாக வெட்டி, பலப்படுத்தி வெல்டிங் வைக்க வேண்டும். எல்லாம் வீட்டு வாசலில் நடந்த வேலை.

இப்படிக் கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்ற மிரட்டலுக்கு அமெரிக்க நாடாளுமன்றம் 1975-ல் ஒரு கடிவாளம் போட்டது. மக்னசன்-மாஸ் சட்டப்படி, வெளிக்கடை பாகம் மாட்டிய ஒரே காரணத்துக்காக வாரண்டியை மறுக்க முடியாது. அந்தப் பாகத்தால்தான் பழுது வந்தது என்றால் மறுக்கலாம். எனக்கு இது நியாயமான ஏற்பாடாகவே படுகிறது.

இப்போது சண்டை ஸ்பானரை விட்டு மென்பொருளுக்குப் போயிருக்கிறது. வண்டியின் கம்ப்யூட்டர் தகவல் யாருக்கு என்பதுதான் கேள்வி. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-ல் இதை மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். கம்பியில்லாமல் கம்பெனிக்குப் போகும் தகவலையும் சேர்த்து 2020-ல் மறுபடி விட்டார்கள். இரண்டு முறையும் பெரும்பான்மை வண்டிக்காரர் பக்கமே விழுந்தது. இரண்டாவது முடிவை எதிர்த்துக் கார் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின.