மூடாத பத்தி

இணையப் பக்கம் எழுதப் புதிதாகக் கற்பவர், பத்தியைத் திறந்துவிட்டு மூட மறந்துபோகிறார். உலாவி முணுமுணுப்பதில்லை, எழுத்துகள் திரையில் தோன்றிவிடுகின்றன. உண்மையில் அவர் பழைய முறையைத்தான் அறியாமல் பின்பற்றியிருக்கிறார்.

1991-ஆம் ஆண்டின் இறுதியில் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய எச்டிஎம்எல் விளக்கத்தில் இருந்தவை 18 உறுப்புகளே. தலைப்பு, பட்டியல் முதலியவற்றை அவர் புதிதாகப் படைக்கவில்லை. ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் ஆவணங்களுக்கு முன்பே வழங்கிவந்த எஸ்ஜிஎம்எல் குறிகளை எடுத்தாண்டார். அவருடைய சொந்தச் சேர்க்கைகளுள் உலகைப் பிணைத்தது ஒற்றை எழுத்து: இணைப்புக்கான 'ஏ'. பத்திக்கான 'பி'யோ, இரு பத்திகளுக்கு இடையே இடப்படும் பிரிப்பானாக மட்டுமே இருந்தது. அதற்கு மூடும் குறியே கிடையாது.

ஜாவாஸ்கிரிப்டும் பயிலுநரை எண்ணிப் பிறந்ததே. தேர்ந்த நிரலர் அல்லாதவரும் பக்கத்திற்குள்ளேயே எழுதத்தக்க எளிய மொழியொன்றை நெட்ஸ்கேப் நிறுவனம் விரும்பியது. 1995 மே மாதத்தில் பிரெண்டன் ஐக் அதன் முதல் வடிவத்தைப் பத்தே நாட்களில் முடித்தார். மோக்கா, லைவ்ஸ்கிரிப்ட் என்று பெயர் மாறி, டிசம்பரில் ஜாவாஸ்கிரிப்ட் ஆயிற்று. (ஜாவாவின் புகழில் குளிர்காய வந்த பெயர், இன்றும் மாணவரைக் குழப்புகிறது.) வரியின் இறுதியில் அரைப்புள்ளி விடுபட்டால், பெரும்பாலும் அம்மொழி தானே இட்டுக்கொள்ளும். எண்ணாகிய 1-ஐயும் எழுத்தாகிய 1-ஐயும் இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால், சமம் என்று விடை தரும்.

இந்தத் தாராளத்திற்கு விலை உண்டு. கண்டிப்பான ஒப்பீட்டுக்கென்று மூன்று சமக்குறிகளை 1999-இல் சேர்க்க வேண்டியதாயிற்று. இன்மையைக் குறிக்கும் 'நல்' என்பதன் வகையைக் கேட்டால் 'ஆப்ஜெக்ட்' என்று வரும் முதல் வடிவத்தின் பிழை இன்றும் அப்படியே இருக்கிறது. அதைத் திருத்தினால், அதை நம்பி எழுதப்பட்ட பழைய பக்கங்கள் உடையும். பத்து நாள் அவசரத்தை இத்தனை ஆண்டுகளாகச் சுமப்பது வேடிக்கைதான். ஆயினும் முன்னோர் எழுதியது உடையக்கூடாது என்னும் அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

கண்டிப்புக்கும் முயற்சி நடந்தது. 2000-இல் வந்த எக்ஸ்எச்டிஎம்எல், ஒரு குறி பிழைத்தாலும் பக்கத்தையே நிறுத்திவிடும் எக்ஸ்எம்எல் ஒழுக்கத்தைக் கொணர்ந்தது. ஒற்றுப்பிழைக்காக நூலையே கிழிக்கும் புலவரை யார் விரும்புவர்? அதன் இரண்டாம் பதிப்புப் பணியை நிறுத்தப்போவதாக 2009-இல் டபிள்யூ3சி அறிவித்தது. 2014-இல் பரிந்துரையாகிய எச்டிஎம்எல்5, பிழையான பக்கத்தையும் எல்லா உலாவிகளும் ஒன்றுபோல் படிக்கும் முறையை விதியாகவே வகுத்துவைத்தது. மூடாத பத்தி அதில் பிழையே அன்று.