சார்ல்ஸ்டன் நெல்லும் அரியக்குடித் தேக்கும்

அரியக்குடி என்றதும் சங்கீத ரசிகருக்கு ராமானுஜ அய்யங்கார் நினைவுக்கு வருவார். வைணவருக்குத் தென்திருப்பதி என்று பெயர்பெற்ற திருவேங்கடமுடையான் கோயில். ஊருக்குள் நடப்பவருக்கோ வீடுகளை விட்டுக் கண் நகராது. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். வளவைச் சுற்றி நிற்பது பர்மாத் தேக்கு. "எல்லாம் பர்மாவில் சம்பாதிச்சது" என்பார்கள். அங்கே சம்பாதிக்க வழி திறந்தது எப்படி என்று தேடினால் தடம் ரங்கூனோடு நிற்பதில்லை, அமெரிக்காவில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகம்வரை போகிறது. அந்தத் தடத்தில் பயணம் செய்தது நெல்.

1685 வாக்கில் மடகாஸ்கரிலிருந்து வந்த கப்பலொன்று பழுதுபார்க்கச் சார்ல்ஸ்டனில் ஒதுங்கியதாம்; அதன் தலைவன் ஊர்ப் பெரியவர் ஒருவருக்குக் கொஞ்சம் விதைநெல் கொடுத்தானாம். கதை எவ்வளவு நிஜமோ, தென் கரோலினாவில் நெல் வேரூன்றியது நிஜம். ஆனால் அங்கே குடியேறிய ஆங்கிலேயர்களுக்கு நெல் விவசாயம் கைவந்த தொழில் அல்ல. அது தெரிந்தவர்கள் காம்பியா முதல் சியரா லியோன்வரை, மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் இருந்தார்கள். அவர்களைப் பிடித்து விற்ற வியாபாரிகள், நெல் விளைகிற சீமையிலிருந்து வந்த ஆட்கள் என்று சொல்லியே விளம்பரம் செய்தார்கள். 1708-லேயே அந்தக் குடியேற்றத்தில் வெள்ளையரைவிடக் கறுப்பின மக்களே அதிகம். விதை ஆசியாவினுடையது, வித்தை ஆப்பிரிக்காவினுடையது, லாபம் மட்டும் இங்கிலீஷ்காரனுக்கு.

அந்த வித்தையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். கடல் ஏறும்போது முகத்துவாரத்துக்கு மேலே ஆற்றின் நன்னீரும் சேர்ந்து உயரும். அந்த நேரம் பார்த்து மதகைத் திறந்தால் வயல் நிறையும். கடல் வடியும்போது திறந்தால் வயல் வடியும். ஏமாந்து உப்புத் தண்ணீரை உள்ளே விட்டால் பயிர் போச்சு. மைல் கணக்கான கரைகளையும் வாய்க்கால்களையும் கொசுவும் பாம்பும் நிறைந்த சேற்றில் நின்று வெட்டியவர்கள் அடிமைகள். மலேரியாவுக்குப் பயந்து கோடையில் முதலாளிகள் ஊரை விட்டே போய்விடுவார்கள். அறுவடையானதும் உரலில் குத்தி, புல்லால் பின்னிய வட்டமான முறத்தில் புடைப்பார்கள். நம்மூர்ப் பாட்டிமார் பார்த்திருந்தால் அந்தப் புடைப்பில் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஐரோப்பாவில் அப்போது கரோலினா அரிசிதான் உசத்தி. இருந்தும் போட்டிக்கு இத்தாலி அரிசி இருந்தது. 1787-இல் அமெரிக்கத் தூதராக பிரான்சில் இருந்த தாமஸ் ஜெஃபர்சன், இத்தாலியின் பீட்மான்ட் பகுதிக்குப் போய், ஏற்றுமதிக்குத் தடையிருந்த நெல்லைக் கோட்டுப் பையில் திணித்துக் கடத்தி வந்தார். எல்லா மனிதரும் சமம் என்று சுதந்திரப் பிரகடனம் எழுதிய அதே ஜெஃபர்சன்தான். அவர் வீட்டிலும் அடிமைகள் இருந்தார்கள்.

1859 மார்ச்சில், ஜார்ஜியாவில் நெல் தோட்டமும் பருத்தித் தோட்டமும் வைத்திருந்த பியர்ஸ் பட்லர் என்பவர் கடனை அடைக்க 400-க்கும் மேற்பட்ட அடிமைகளைச் சவானா நகரில் இரண்டே நாளில் ஏலம் விட்டார். மேற்கே புதிதாகச் சேர்ந்த நிலங்களில் அடிமைமுறை நுழையலாமா கூடாதா என்று நாடே அடித்துக்கொண்டிருந்த காலம் அது. கூடாது என்ற லிங்கன் ஜனாதிபதி தேர்தலில் ஜெயித்ததும், 1860 டிசம்பரில் முதலில் பிரிந்து போனது நெல் விளைந்த தென் கரோலினாதான். 1861 ஏப்ரல் 12 அன்று சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் பீரங்கி வெடித்தது; வடக்குக்கும் தெற்குக்கும் உள்நாட்டுப் போர் தொடங்கியது. வடக்கின் கடற்படை துறைமுகங்களை அடைத்தது. 1863 ஜூனில், அடிமையாகப் பிறந்து தப்பிவந்த ஹாரியட் டப்மன் வடக்கின் படகுகளோடு கம்பாஹி ஆற்றில் ஏறி, நெல் தோட்டங்களிலிருந்து 700-க்கும் மேற்பட்டவர்களை மீட்டார். 1865 ஜனவரியில் வடக்கின் ஜெனரல் ஷெர்மன், கைவிடப்பட்ட நெல் வயல்களை விடுதலையான குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 40 ஏக்கர்வரை தரும்படி உத்தரவிட்டார். அந்த வருஷம் முடிவதற்குள் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் அதில் பெரும்பகுதியைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுக்கச் செய்தார்.

அதற்குள் ஐரோப்பாவின் அரிசி வியாபாரிகள் வேறு திசையில் கப்பல் விட்டிருந்தார்கள். 1852-இல் ஆங்கிலேயர் பிடித்த கீழ் பர்மாவில் ஐராவதி டெல்டா பாதி காடாகக் கிடந்தது. பர்மிய மன்னர்கள் தடுத்து வைத்திருந்த அரிசி ஏற்றுமதி இப்போது தாராளம். பர்மா அரிசி கரோலினா அரிசியின் கால்தூசிக்கு வராது. மாவுச்சத்துக்கும் சாராயத்துக்கும்தான் நிறையப் போயிற்று. தரத்தைக் கூட்டலாமென்று கரோலினா விதையை வரவழைத்து இந்தியாவில் விதைத்தும் பார்த்தார்கள், பெரிதாகப் பலிக்கவில்லை. அமெரிக்கப் போர் ஒன்றே பர்மாவை வளர்த்தது என்றால் மிகை. 1869-இல் திறந்த சூயஸ் கால்வாய்க்குப் பெரிய பங்குண்டு. ஆனாலும் போட்டிக்காரன் கடை சாத்தியிருந்த நேரத்தில் கால் ஊன்றியது பர்மாவுக்குக் கிடைத்த யோகம்.

காடு வெட்டவும் மாடு வாங்கவும் விவசாயிக்குப் பணம் வேண்டும். வெள்ளைக்கார வங்கிகள் சேற்றில் இறங்காது. இறங்கியவர்கள் அரியக்குடி போன்ற செட்டிநாட்டு ஊர்களின் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். ரங்கூன் முகல் தெருக் கிட்டங்கியில் ஒரே கூடத்தில் வரிசையாகப் பல விலாசங்கள், அதாவது வட்டிக்கடைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மரப்பெட்டி, எதிரே பாயில் மேலாள், பக்கத்தில் அடுத்தாள், எடுபிடிக்குப் பெட்டியடிப் பையன். இப்படிக் கடல் கடந்து கொண்டுவிக்கப் போனால் மூன்று வருஷத் தவணை. அதுவரை ஊரில் ஆச்சிதான் எல்லாம். 1850-களில் 10 லட்சம் ஏக்கரைத் தொடாத கீழ் பர்மா நெல் பரப்பு, 1930-களில் 80 லட்சத்தைத் தாண்டியது. நெல்லும் பணமும் போன வழியில் திரும்பிவந்த தேக்குதான் அரியக்குடியில் நிற்கிறது.

அமெரிக்காவிலோ நெல்லும் மேற்கே நடந்துவிட்டது. 1880-களில் ரயிலேறி லூசியானா சமவெளிக்கு வந்த கோதுமை விவசாயிகள் இயந்திரங்களை வைத்து நெல் அறுத்தார்கள். கூலிக்கு ஆள் கிடைக்காமல் திணறிய கரோலினாவை 1893, 1911 புயல்கள் முடித்துவைத்தன.

பர்மாவின் முறை 1930-இல் வந்தது. நெல் விலை சரிந்தது, கடன் அடைபடாமல் நின்றது, நிலம் செட்டியார் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 சதவீதமாக இருந்த அவர்கள் நிலம் 1938-இல் 25 சதவீதமானது. விரும்பி வாங்கியதல்ல என்று செட்டிநாட்டில் சொல்வார்கள், பெரும்பாலும் உண்மை. ஆனால் தகப்பன் வெட்டிய வயலில் குத்தகைக்கு உழுத பர்மியருக்கு அது ஆறுதலா? 1942-இல் ஜப்பானியர் வந்தார்கள். 1948-இல் நில தேசியமயச் சட்டம் வந்தது. பத்திரம் பெட்டகத்தில் இருந்தது, நிலம் இல்லை.

காற்றின் திசையை முன்பே பார்த்தவர்களும் உண்டு. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கிளை திறந்தார். 1963-இல் பர்மா அரசு எல்லா வங்கிகளையும் எடுத்துக்கொண்டபோது ரங்கூன் கிளையும் அதோடு போயிற்று.