ஒரு அனெக்சரின் பயணம்

அரசு அலுவலகத்துக்கு விண்ணப்பத்தோடு நடையாய் நடந்தவர்களுக்கு 'அனெக்சர்' பழகிய சொல். மூலத்தோடு சேர்த்துக் குத்தும் தாள், இணைப்பு. கட்டிவைத்தல் என்ற பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து வந்தது. பழைய கட்டடத்தை ஒட்டி எழுப்பினால் அனெக்ஸ். அடுத்தவர் மண்ணைத் தன்னோடு சேர்த்துக்கொள்வதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான்.

கொச்சி இவை மூன்றையும் கண்ட ஊர். 1663இல் டச்சுக்காரர்கள் போர்த்துகீசியரிடமிருந்து கோட்டையைப் பிடித்தார்கள். போர்த்துகீசியர் கொச்சி அரசருக்குக் கட்டித்தந்த மட்டாஞ்சேரி அரண்மனையைப் பழுதுபார்த்து விரிவாக்கினார்கள். அதனாலேயே அது இன்றும் 'டச்சு அரண்மனை'.

என் மனம் நிற்பது மூன்றாவதில், காகிதத்தில். டச்சு ஆளுநர் வான் ரீட் மலபாரின் செடிகொடிகளைத் தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிகஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. 742 தாவரங்கள். முதல் தொகுதியின் தொடக்கத்திலேயே சில சான்றிதழ்கள் இணைக்கப்பட்டிருக்கின்றன. 1675 ஏப்ரலில் கொச்சியில் எழுதப்பட்டவை. ஒன்று, சேர்த்தலைப் பக்கத்து ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனுடையது. கோலெழுத்தில் இருக்கிறது, நம் வட்டெழுத்தின் கிளை அது. பரம்பரை ஏட்டிலிருந்தும் தம் அனுபவத்திலிருந்தும் மருந்துச் செடிகளின் பெயரையும் குணத்தையும் தாமே சொன்னதாக அவர் உறுதி தருகிறார். இன்னொன்று கொங்கணி வைத்தியர்களான ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் மூவரும் நாகரி எழுத்தில் தந்தது.

இட்டி அச்சுதனின் கையெழுத்து கப்பலேறி, ஆம்ஸ்டர்டாமில் அப்படியே படமாகச் செதுக்கப்பட்டு, லத்தீன் மொழிபெயர்ப்போடு அச்சானது. மலையாள மொழி அச்சில் பதிந்த மிகப் பழைய தடங்களில் ஒன்று அது. தாவரவியலாளர் லின்னேயஸ் தம் தாவர நூலில் ஹோர்த்துஸை மேற்கோள் காட்டினார். தாவரவியலாளர் கே.எஸ். மணிலாலின் உழைப்பால் நூல் 2003இல் ஆங்கிலத்திலும் 2008இல் மலையாளத்திலும் கேரளப் பல்கலைக்கழக வெளியீடாகத் திரும்பி வந்தது.

முகப்பில் இருப்பது ஆளுநரின் பெயர். அறிவு யாருடையது என்று அந்த வைத்தியர்களின் எழுத்திலேயே சொல்வது இந்த இணைப்புதான். முதல் தொகுதியைப் புரட்டுகிறவர்கள் தென்னை மரப் படத்துக்குத் தாவாதீர்கள். அதற்கு முன்னுள்ள அந்தத் தாள்களில் கொஞ்சம் நில்லுங்கள். ஏனென்றால், இட்டி அச்சுதனின் அந்தப் பரம்பரை ஏடு இன்று நம்மிடம் இல்லை.