தண்டவாளம் கிடந்த வழியே எலன் பள்ளத்தாக்கில் ஒரு நாள்

எமது சங்கத்தின் நூற்றாண்டை முன்னிட்டு, ஐக்கிய இராச்சியத்தில் வாழும் பழைய மாணவிகள் பதினான்கு பேர் வேல்ஸின் நடுப்பகுதியிலுள்ள எலன் பள்ளத்தாக்கில் ஒரு நாள் நடைப்பயணம் சென்றோம். எம்மில் மூவர் பேர்மிங்காம் நகரில் வைத்தியர்களாகப் பணிபுரிகின்றோம். அந்நகரின் குழாய்களில் வரும் தண்ணீர் இப்பள்ளத்தாக்கின் அணைகளில் தேக்கப்பட்டதே. ஆகவே, நாங்கள் நாள்தோறும் குடிக்கும் நீரின் பிறப்பிடத்தைப் பார்க்கும் பயணமாகவும் இது அமைந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பேர்மிங்காம், தொழிற்சாலைகளாலும் சனநெருக்கத்தாலும் திணறிய நகரம். ஏழைகளின் கிணறுகளில் கழிவுநீர் கலந்தது. வாந்திபேதியும் நெருப்புக் காய்ச்சலும் வயிற்றோட்டமும் குழந்தைகளைக் கொண்டுபோயின. ஜோசப் சேம்பர்லின் நகரபிதாவாக இருந்த காலத்தில், 1876இல், மாநகரசபை தனியாரிடமிருந்த நீர் வழங்கலைப் பொறுப்பேற்றது. அருகிலுள்ள நீர் போதாதபடியால் 1892இல் பாராளுமன்றச் சட்டம் ஒன்றின் மூலம் எலன், கிளயர்வென் ஆறுகளின் பள்ளத்தாக்குகளைப் பெற்றுக்கொண்டது.

பொறியியலாளர் ஜேம்ஸ் மான்சேர்க் இவ்விடத்தைத் தெரிவுசெய்தமைக்குக் காரணங்கள் இருந்தன. இங்கு மழை அதிகம். பள்ளத்தாக்கு ஒடுங்கியது, அடிப்பாறை நீரை உறிஞ்சாதது. எல்லாவற்றிலும் முக்கியமாக, இது பேர்மிங்காமை விட உயரத்தில் இருக்கின்றது. 73 மைல் நீளமான கால்வாய் வழியாக நீர் பம்பியின்றித் தானாகவே செல்கின்றது. ஏறக்குறைய 2,300 அடிக்கு ஓர் அடி என்பதே அதன் சரிவு. இங்கிருந்து புறப்படும் நீர் நகரை அடைய ஒன்றரை நாள் எடுக்கும். மின்சாரமோ மண்ணெண்ணெயோ இல்லாத தொண்ணூறுகளில் விடுதிக் கிணற்றில் கப்பிக் கயிறு இழுத்துக் கை காய்த்த எமக்கு, தானாக நடந்து போகும் அந்தத் தண்ணீரை நினைக்க வியப்பாகவே இருந்தது.

றேயடர் என்ற சிற்றூரிலிருந்து காலை ஒன்பது மணிக்கு நடக்கத் தொடங்கினோம். அணை கட்டுவதற்கு முன்னர் மாநகரசபை ஒரு புகையிரதப் பாதையை அமைத்தது. 1893இல் தொடங்கி 1896இல் முடிந்த அப்பாதையின் கிளைகளையும் சேர்த்தால் 33 மைல் தண்டவாளம். கல்லும் சீமெந்தும் ஆட்களும் அதிலேயே மேலே போயினர். ஒரே நாளில் ஆயிரம் தொன் வரையும் ஏற்றியதுண்டு. வேலை முடிந்த பின் தண்டவாளங்கள் கழற்றப்பட்டன. இன்று அதே தடம் ஒன்பது மைல் நடைபாதையாக இருக்கின்றது. புகையிரதம் ஏறக்கூடிய சரிவு என்பதால், முழங்கால் வலியுள்ள எமது மூத்த அக்காமாரும் பின்தங்காமல் வந்தனர். வழியிலுள்ள பழைய சுரங்கப்பாதையில் இப்போது வௌவால்கள் குடியிருக்கின்றன.

முதலில் வருவது கபன் கோக் அணை. அதற்கும் மேலே கரெக் தீ, பெனகரெக், கிரேக் கோக் என்பன வரிசையாக உள்ளன. 1904 யூலை 21ஆம் திகதி ஏழாம் எட்வேர்ட் மன்னரும் அலெக்சான்ட்ரா அரசியும் இவற்றைத் திறந்து வைத்தனர். பக்கத்துப் பள்ளத்தாக்கின் பெரிய கிளயர்வென் அணை 1952இலேயே திறக்கப்பட்டது.

கபன் கோக் அணைக்குக் கீழே தொழிலாளர் குடியிருப்பு இருந்தது. வைத்தியர்களாகிய எங்களை அதிகம் நிறுத்தி வைத்த இடம் அதுவே. புதிதாக வருபவர் முதல் இரவைத் தனி விடுதியில் கழிக்க வேண்டும். பேன் நீக்கி, தொற்றுநோய் உண்டா என்று பார்த்த பின்னரே உள்ளே அனுமதி. கள்ளமாக மதுபானம் வராதபடி பாலத்தில் காவலாளி நின்றார். காயமடைந்தோருக்கு ஒரு வைத்தியசாலையும் தொற்றுநோயாளருக்கு வேறொன்றும் இருந்தன. நூலகமும் மண்டபமும் தெருவிளக்கும் இருந்தன. அக்காலத்தில் பல நகரங்களுக்கே கிடைக்காத வசதிகள் இவை. ஆனால் குளியலறைக்கு ஆண்கள் வாரம் மூன்று முறை போகலாம், பெண்கள் ஒரு முறைதான். பாடசாலையும் பதினொரு வயது வரைதான். அதன்பின் பிள்ளைகள் வேலைக்குப் போக வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. அந்த வயதில்தான் எங்களிற் பலர் எமது கல்லூரியின் ஆறாம் வகுப்பில் காலடி வைத்தோம்.

மதியம் கரெக் தீ பாலத்தருகே புட்டும் சம்பலும் பகிர்ந்தோம். எதிரே தெரிந்த நீருக்கடியில் பண்ணைகளும் ஒரு பாடசாலையும் ஒரு தேவாலயமும் கிடக்கின்றன. ஆங்கில இலக்கிய வகுப்பில் நாம் படித்த கவிஞர் ஷெல்லி 1811இல் தங்கியிருந்த கூம் எலன் மாளிகையும் அங்கேதான். ஏறக்குறைய நூறு பேர் வெளியேற்றப்பட்டனர். நில உரிமையாளருக்கே நட்டஈடு கிடைத்தது, குடியிருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. மஸ்கெலியாவில் பிறந்து எமது விடுதியில் தங்கிப் படித்த அக்கா ஒருவர், மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் வற்றும்போது பழைய ஊரின் கோயில் வெளியே தெரிவதைச் சொன்னார். பிறகு சற்று நேரம் யாரும் பேசவில்லை. வீடு விட்டுப் போவது எப்படி என்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இன்னொரு செய்தியும் மனதைத் தொட்டது. தொழிலாளர் குடியிருப்புக்கு நீர் வழங்க நன்ட் அ குறோ ஓடையில் சிறிய அணையொன்று கட்டினார்கள். 1942இல், ஓர் அணையை உடைக்க எவ்வளவு வெடிமருந்து வேண்டும் என்று பாண்ஸ் வொலிஸ் குழுவினர் அறிந்துகொண்டது அதனை உடைத்துப் பார்த்துத்தான். மறுவருடம் மே மாதம் ஜேர்மனியின் அணைகள் தகர்க்கப்பட்டபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெள்ளத்தில் மாண்டனர். பிடித்துவரப்பட்டு அங்கே வேலைசெய்த அந்நியநாட்டுப் பெண்கள் பலரும் அவர்களுள் அடங்குவர். தாகம் தீர்க்கக் கட்டிய சுவர் அழிவுக்குப் பாடமானது.

ஆயினும் இந்த அணைகளை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. நெருப்புக் காய்ச்சலுக்கு ஏற்ற மருந்து 1940களின் இறுதியில்தான் வந்தது. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே நல்ல தண்ணீர் அந்நோயைத் தடுக்கத் தொடங்கிவிட்டது. வைத்தியசாலைக்கு வராமலே தப்பிய பிள்ளைகளை எந்தப் பதிவேட்டிலும் காணமுடியாது. இடம்பெயர்ந்த நூறு பேரும் அப்படியே. கல்வெட்டில் இருப்பது மன்னரின் பெயர்.

நூற்றாண்டு மலர்களிலும் இது நேர்வதுண்டு. நிறுவியவர்கள், அதிபர்கள், கொடையாளர்கள் ஆகியோரின் பெயர்களை நாம் அறிவோம். எமது விடுதிக் கிணற்றை வெட்டியவர், நூறு பேருக்கு விறகடுப்பில் சோறு வடித்த அம்மா, இடப்பெயர்வின்போது பதிவேடுகளைச் சாக்கில் கட்டிக் காப்பாற்றிய ஊழியர் ஆகியோரை நினைவில் வைத்திருக்கும் மூத்த மாணவிகள் உலகெங்கும் இன்னும் இருக்கிறார்கள். தெரிந்ததை, பெயரோடு, எழுதிச் சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள். அடுத்த மலரில் அவர்களுக்கு ஒரு பக்கம் வேண்டும்.