எஸ்பெராண்டோ: ஒலியும் இலக்கணமும்

எஸ்பெராண்டோ, வெவ்வேறு தாய்மொழியினர் ஒருவரோடொருவர் உரையாடுவதற்காக உருவாக்கப்பட்ட துணைமொழி. பியாலிஸ்டாக் நகரில் பிறந்த கண் மருத்துவர் சாமன்ஹோஃப் (1859–1917) இதை வடிவமைத்து, 1887இல் வார்சாவில் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அதில் தந்த 16 இலக்கண விதிகள் 1905இல் ‘ஃபுண்டமெண்டோ’ என்ற அடிப்படை நூலில் இடம்பெற்றன. விதிக்கு விலக்கு இல்லாமையே இம்மொழியின் உயிர்நாடி.

ஒலிகள்

எழுத்துகள் 28. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே ஒலி, எழுதியபடியே படிக்கலாம். உயிர்கள் ஐந்து: அ, எ, இ, ஒ, உ. குறில், நெடில் வேறுபாட்டால் பொருள் மாறாது. ரோமன் எழுத்துகளில் ஐந்தின்மேல் கூரைக்குறியும் ஒன்றின்மேல் பிறைக்குறியும் உண்டு. அழுத்தம் எப்போதும் ஈற்றயல் அசையில் விழும்: குடும்பத்தைக் குறிக்கும் சொல் ‘ஃபமிலீஓ’ என ஒலிக்கும்.

பெயரும் அடையும்

சொல்லின் ஈறே அதன் வகையைக் காட்டும். ‘ரபீடோ’ விரைவு, ‘ரபீடா’ விரைவான, ‘ரபீடே’ விரைவாக. பன்மைக்கு ‘ய்’, செயப்படுபொருளுக்கு ‘ன்’ சேரும். பெயரடையும் பெயரின் ஈறுகளை ஏற்கும்: ‘பேலா ஃப்ளோரோ’ (அழகிய பூ), ‘பேலாய் ஃப்ளோரோய்’ (அழகிய பூக்கள்). வேற்றுமை ஈறு தெளிவாக இருப்பதால் சொற்களை இடம் மாற்றலாம். ‘லா ஹுண்டோ வீடாஸ் லா காட்டோன்’ என்றாலும், ‘லா காட்டோன் வீடாஸ் லா ஹுண்டோ’ என்றாலும் நாய்தான் பூனையைப் பார்க்கிறது.

வினை

வினை திணை, பால், எண், இடம் எதற்கும் மாறாது; காலத்துக்கும் பாங்குக்கும் மட்டுமே மாறும். நிகழ்காலம் ‘வீடாஸ்’, இறந்தகாலம் ‘வீடிஸ்’, எதிர்காலம் ‘வீடோஸ்’, நிபந்தனை ‘வீடுஸ்’, ஏவல் ‘வீடு’. ‘வீடி’ என்பது வினையின் மூல வடிவம்.

சொல்லாக்கம்

வேர்ச்சொற்கள் பெரும்பாலும் ஐரோப்பிய மொழிகளிலிருந்து வந்தவை. ஆனால் அவற்றை இணைக்கும் முறை தமிழையும் துருக்கியையும் போல ஒட்டுநிலை சார்ந்தது. ‘சானா’ நலமான, எதிர்மறை முன்னொட்டுச் சேர்ந்த ‘மல்சானா’ நோயுற்ற, ‘மல்சனூலோ’ நோயாளி, ‘மல்சனுலேயோ’ மருத்துவமனை. ஒரு வேரும் மூன்று ஒட்டுகளும் தெரிந்தவருக்கு இந்நான்கும் மனப்பாடமின்றியே கிடைக்கின்றன. புதிய சொல்லை ஆக்கும் உரிமை முதல்நாள் மாணவருக்கும் உண்டு. இம்மொழியின் பெருங்கொடை இதுவே.

விமர்சனமும் திருத்தமும்

ஐரோப்பாவுக்கு வெளியே வாழ்வோருக்கு வேர்ச்சொற்கள் அந்நியமானவை. ‘பாட்ரோ’ (தந்தை) என்பதிலிருந்து ‘பாட்ரீனோ’ (தாய்) பிறப்பது போல, பல பெண்பாற் சொற்கள் ஆண்பாலை அடியாகக் கொள்வதும் கண்டிக்கப்பட்டது. எஸ்பெராண்டோவின் திருத்த வடிவமாக 1907இல் தோன்றிய ‘ஈடோ’ மொழி மேற்குறி எழுத்துகளை நீக்கியது. பெயரடைப் பன்மையைக் கைவிட்டது. ஆனாலும் எஸ்பெராண்டோ பேசுவோரில் பெரும்பான்மையினர் 1905இன் அடிப்படையையே பற்றிநின்றனர். பெற்றோர் வழியாக இதைத் தாய்மொழிகளுள் ஒன்றாகக் கற்று வளர்ந்தவர்களும் உள்ளனர்.