நடுவில் ஒரு தாமரை: வங்கத்துக் காந்தாவும் அதில் விடுபட்ட பெயர்களும்

தமிழில் ‘கந்தை’ என்றால் கிழிந்து நைந்த துணி. வங்க மொழியில் ‘காந்தா’ என்றால் அப்படிப்பட்ட துணிகளை அடுக்கித் தைத்த போர்வை. இரண்டும் ‘கந்தா’ என்னும் வடசொல்லோடு உறவுடையவை. நம்மிடம் அச்சொல் வறுமையின் அடையாளமாக நின்றுவிட்டது. கசக்கியாவது கட்டிக்கொள் என்று பழமொழியில் மட்டும் புழங்குகிறது. வங்கத்திலோ அது பிலடெல்பியா வரை போய்க் கண்ணாடிப் பேழைக்குள் தொங்கும் கலைப்பொருளின் பெயராகிவிட்டது. அந்தப் பயணத்தில் எந்தப் பெயர்கள் உடன் சென்றன, எவை வழியில் உதிர்ந்தன என்பதைப் பற்றியே இப்பதிவு.

‘மண்டலப் போர்வை’ என்ற பெயரில் வட்டத்துக்குள் வட்டமாக வடிவம் அமைத்துத் தைக்கும் போர்வைகள் இப்போது பலரையும் கவர்ந்திருக்கின்றன. அவற்றுக்கு இந்திய முன்னோடி தேடுவோர் வங்கத்துக் காந்தாவைச் சுட்டுகிறார்கள். அது சரியான இடம்தான். ஆனால் சுட்டிய மறுகணமே யந்திரம், தந்திரம், பேரண்டத்தின் வரைபடம் என்று பேச்சு மேலே பறக்கத் தொடங்கிவிடுகிறது. நான் அதைத் தரைக்கு, அதாவது போர்வை விரிக்கப்பட்ட திண்ணைத் தரைக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

பழைய காந்தா உருவான முறை இது. உடுத்தி உடுத்தி மென்மையேறிய வேட்டிகளும் வெண்புடவைகளுமே மூலப்பொருள். புதுத்துணி விறைப்பானது, ஊசிக்கு இணங்காது, குழந்தையின் உடம்புக்கும் ஆகாது. துணிகளைத் துவைத்து, தரையில் சுருக்கமின்றி விரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். கோடைக்கு மெல்லியது, ‘லேப்’ எனப்படும் குளிர்காலப் போர்வைக்கு அடுக்குகள் கூடும். ஓரங்களை மடித்துத் தைத்தபின், அடுக்குகள் நழுவாதிருக்க நீண்ட கச்சாத் தையல் போடுவார்கள். நூல் கடையில் வாங்கியதன்று. பழைய புடவைகளின் கரையிலிருந்து ஒவ்வோர் இழையாக உருவி எடுத்தது. பழங்காந்தாக்களில் சிவப்பும் நீலமும் கறுப்புமே மேலோங்கி நிற்பதற்குக் காரணம் இதுதான்: அக்காலப் புடவைக் கரைகளில் இருந்த நிறங்கள் அவை. நிறத் தேர்வுக்குப் பின்னால் தத்துவம் தேடுவோர் முதலில் புடவைக் கரையைப் பார்க்க வேண்டும்.

பிறகு நடுவில் தாமரை. எட்டிதழாகவோ நூறிதழாகவோ அமையும். அதன்பின் நான்கு மூலைகளிலும் நடுவை நோக்கிச் சாய்ந்த நான்கு மரங்கள், அல்லது நாம் மாங்காய் வடிவம் என்னும் ‘கல்கா’. இந்த ஐந்தும் அமைந்தபின் இடைவெளிகளில் யானை, மயில், மீன், தேர், பல்லக்கு, பாக்குவெட்டி, சீப்பு என்று வீட்டிலும் வெளியிலும் கண்டவையெல்லாம் வந்து அமரும். கடைசியாக, வெறுமையாக மீந்த வெண்ணிலத்தை வெள்ளை நூலாலேயே நிரப்புவார்கள். ஊசி மேலும் கீழுமாக ஓடும் மிக எளிய ஓட்டத் தையல்தான் அது. ஆனால் அந்தத் தையல் நேர்கோட்டில் ஓடுவதில்லை. தாமரையின் விளிம்பை ஒட்டி ஒரு சுற்று, அதை ஒட்டி இன்னொரு சுற்று, யானையின் முதுகை ஒட்டி ஒரு வளைவு என்று உருவங்களின் நிழல்போலப் பரவும். குளத்தில் கல் விழுந்தால் எழும் அலைபோலத் துணி முழுதும் மெல்லச் சுருங்கி மேடுபள்ளமாகும். படத்தில் பார்ப்போருக்கு இது தெரியாது. விரலால் தடவினால்தான் தெரியும்.

இப்போது மண்டலத்துக்கு வருவோம். நடுவிலிருந்து தொடங்குவதற்குச் சமயக் காரணம் இருக்கலாம். தையல் காரணம் நிச்சயம் இருக்கிறது. பல அடுக்குத் துணியை ஓரத்திலிருந்து தைத்துக்கொண்டு வந்தால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து குவியும். நடுவிலிருந்து வெளிநோக்கித் தைத்தால் சுருக்கம் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு வெளியேறிவிடும். போர்வை தைக்கும் எவருக்கும் இது தெரியும். இன்னொன்றும் சொல்வேன், இது என் ஊகம். தரையில் விரித்த துணியைச் சுற்றி நாற்புறமும் அமர்ந்து தைப்பவர்களுக்கு மேல் கீழ் என்று ஒரு திசை கிடையாது. அவரவர் அமர்ந்த பக்கமே கீழ். காந்தாக்களின் யானைகளும் குதிரைகளும் வெவ்வேறு பக்கம் பார்த்து நிற்பதையும், எப்படித் திருப்பினாலும் ஒரு பகுதி தலைகீழாகத் தோன்றுவதையும் கண்டவர்கள் இதை ஏற்பார்கள் என நினைக்கிறேன். நாற்புறச் சமச்சீர் என்பது உட்கார்ந்த முறையின் பதிவுமாகும்.

தாமரையை ஊசி கண்டுபிடிக்கவில்லை. அரிசி மாவைக் கரைத்து விரலால் தரையில் இடும் ஆல்பனாவில் அது முன்பே இருந்தது. நோன்புகளின்போது பெண்கள் இடும் இக்கோலங்களை அவனீந்திரநாத் தாகூர் 1919இல் ‘பாங்லார் பிரத’ என்ற நூலில் ஆராய்ந்திருக்கிறார். நம் கோலத்தோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெரியும். நம் புள்ளிக்கோலத்தில் முதலில் புள்ளிகளின் சட்டகம் முழுதும் விழுந்துவிடும். கோடு அதற்குள் ஓடும். ஆல்பனாவுக்குச் சட்டகம் இல்லை. நடுவில் மலர்ந்து கைபோன போக்கில் வளரும். காந்தாவின் வடிவமும் அந்த வளர்ச்சியைத்தான் பின்பற்றுகிறது. மேலும், இத்தாமரை இந்து வீடுகளுக்கு மட்டும் உரியதன்று. முஸ்லிம் பெண்கள் தைத்த காந்தாக்களிலும் நடுவில் அது மலர்ந்திருக்கிறது. தொழுகை விரிப்புகளாகவும் காந்தாக்கள் தைக்கப்பட்டிருக்கின்றன. ராஜ்ஷாஹிப் பகுதியின் ‘லஹரி’ காந்தாவில் தாமரையே கிடையாது, அலை வரிசைகள் மட்டுமே. எல்லாக் காந்தாவும் மண்டலம் என்னும் கூற்று இங்கேயே தளர்ந்துவிடுகிறது.

இலக்கியத்தில் காந்தா தலைகாட்டும் இடங்கள் பெரும்பாலும் துறவை ஒட்டியவை. கிருஷ்ணதாச கவிராஜரின் ‘சைதன்ய சரிதாமிருத’த்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. சுல்தானின் அரசவைப் பதவியைத் துறந்து காசிக்கு வந்த சனாதன கோஸ்வாமியின் தோளில் விலையுயர்ந்த கம்பளம் ஒன்று கிடந்தது. சைதன்யரின் பார்வை அடிக்கடி அதன்மேல் விழுவதை அவர் உணர்ந்தார். கங்கைக்கரையில் ஒரு வங்காளி தன் காந்தாவைத் துவைத்து உலர்த்திக்கொண்டிருந்தார். கம்பளத்தை அவரிடம் கொடுத்துக் காந்தாவைக் கேட்டார் சனாதனர். பெரிய மனிதர் தம்மைக் கேலி செய்கிறார் என்றே அவர் முதலில் நினைத்தாராம். அன்று அந்த மாற்றில் காந்தாவின் மதிப்பு அது மதிப்பற்றது என்பதிலேயே இருந்தது.

அதே வங்கத்தில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் விலைக்குத் தைக்கப்பட்ட போர்வைகளும் இருந்தன. சத்காவ், ஹூக்ளி துறைகளின் வழியே போர்த்துகீசியர் ஏற்றிச்சென்ற ‘கோல்ச்சா’க்கள் அவை. வெண்பருத்தியில் மஞ்சள் தசர்ப்பட்டு நூலால் சங்கிலித் தையல். சாலமோனின் தீர்ப்பு, வேட்டைக் காட்சி, கப்பல். 1632இல் ஷாஜஹானின் படை ஹூக்ளியைக் கைப்பற்றியது. இப்போர்வைகளிலும் நடுவே ஒரு பதக்க வடிவமும் நான்கு மூலை அமைப்பும் உண்டு. பாரசீகக் கம்பளத்திலும் நூலட்டையிலும் உள்ள அமைப்பே அது. நடுவும் நான்கு மூலையும் எந்த ஒரு சமயத்தின் தனிச்சொத்தும் அல்ல.

வீட்டுக் காந்தாக்களில் இன்று எஞ்சியிருப்பவை பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவை. அதற்கு முந்தியவை தேய்ந்து கிழிந்து மறைந்தன. அதுதானே அவற்றின் வேலை. எஞ்சியவற்றுள் என்னை மிகவும் ஆட்கொண்டது, கொல்கத்தாவை அடுத்த ஜோகாவில் குருசதய் அருங்காட்சியகத்தில் இருக்கும் மானதசுந்தரி தாசியின் காந்தா. நடுவே தாமரை. ஆனால் தாமரையைச் சுற்றி இருப்பவர்கள் தேவர்கள் மட்டும் அல்லர். கம்பெனிக் காலத்துச் சிப்பாய்களும் அந்தக் காலத்து மனிதர்களும் அங்கே இருக்கிறார்கள். துணியிலேயே எழுத்துகளைத் தைத்து, தன் தந்தைக்காகத் தானே செய்தது என்று தன் பெயரோடு பதிந்திருக்கிறார் அவர்.

பெண் எழுத்தறிந்தால் கணவன் இறப்பான் என்று நம்பிய சமூகம் அது. ராஸசுந்தரி தேவி சமையலறையில் ஏட்டை மறைத்துவைத்து எழுத்துக் கூட்டிப் படித்த கதையை அவருடைய தன்வரலாறான ‘ஆமார் ஜீபன்’ சொல்கிறது. வங்க மொழியின் முதல் தன்வரலாறு எனப்படும் அந்நூல் 1876இல் வெளிவந்தது. அதே நூற்றாண்டில்தான் காந்தாவின் ஓரங்களில் ‘சுகே தாகோ’, அதாவது ‘சுகமாய் இரு’ என்றும், பெயர்களும் உறவுமுறைகளும், படங்களுக்குக் குறிப்புகளும் தைக்கப்பட்டன. பிழையும் வழுவுமாக எழுத்துகள் கிடப்பதும் உண்டு. காகிதம் மறுக்கப்பட்ட கைகளுக்குத் துணி மறுக்கப்படவில்லை. பயன்பாட்டுப் பொருள் என்பதால் எவரும் அதைச் சந்தேகிக்கவில்லை.

காந்தாவைக் கலை என்று முதலில் உரக்கச் சொன்னவர்களுள் இருவர் முக்கியமானவர். ஒருவர் ஐ.சி.எஸ். அதிகாரியாயிருந்த குருசதய் தத் (1882–1941). மாவட்டம் மாவட்டமாகப் பணியாற்றிய காலத்தில் பட்டச்சுருள்களையும் மண் அச்சுகளையும் காந்தாக்களையும் திரட்டி, 1932இல் கொல்கத்தாவில் காட்சிக்கு வைத்தார். மானதசுந்தரியின் பெயர் இன்று நமக்குத் தெரிவது அவரால்தான். இன்னொருவர் ஸ்டெல்லா கிராம்ரிஷ். ஆஸ்திரியாவிலிருந்து சாந்திநிகேதனுக்கு வந்து, பின் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். 1939இல் இந்தியக் கீழ்த்திசைக் கலைச் சங்கத்தின் இதழில் காந்தா பற்றி அவர் எழுதிய கட்டுரையே பின்வந்த எல்லா எழுத்துக்கும் ஊற்று. கிழிந்ததை ஒன்றுசேர்த்து முழுமையாக்கும் சடங்காக அவர் காந்தாவைக் கண்டார்; தாமரையில் பிரபஞ்ச மையத்தைக் கண்டார். 1946இல் ‘இந்துக் கோவில்’ என்னும் பெருநூலை வாஸ்துபுருஷ மண்டலத்தை அடித்தளமாகக் கொண்டு எழுதப்போகிறவரின் கண் அது.

கிராம்ரிஷ் பார்க்காவிட்டால் பல காந்தாக்கள் அடுப்படித் துணியாக முடிந்திருக்கும். அந்த நன்றியோடுதான் சொல்கிறேன்: அவர் வாசிப்பு ஓங்கியபின், தைத்தவள் சிந்தித்தாள் என்பதைவிட மரபு அவள் வழியே தன்னைத் தைத்துக்கொண்டது என்று சொல்லும் வழக்கம் வேரூன்றியது. மண்டலத்துக்கு ஆசிரியர் தேவையில்லை அல்லவா? சிப்பாயும் பல்லக்கும் வெறும் நிரப்பிகள் ஆயின. எனக்கோ மானதசுந்தரி தாமரையை மரபிலிருந்தும் சிப்பாயைத் தெருவிலிருந்தும் எடுத்து, இரண்டையும் எங்கே வைப்பது என்று தானே முடிவுசெய்தவராகத் தெரிகிறார். அதற்கு வடிவமைப்பு என்றே பெயர்.

‘நக்‌ஷி காந்தா’ என்ற பெயர் பரவியதற்குக் காரணம் ஒரு கவிதை. ஜஸீமுத்தீனின் ‘நக்‌ஷி காந்தார் மாட்’ 1929இல் வந்தது. கணவன் ஊரைவிட்டு ஓடிப்போக, தனித்திருந்த ஸாஜு தங்கள் வாழ்வை முழுதும் ஒரு காந்தாவில் தைத்துவிட்டு இறக்கிறாள். தன் கல்லறைமேல் அதை விரிக்கச் சொல்கிறாள். தைத்தவளின் சொந்த வரலாறே போர்வையின் பொருள் என்பதை ஆய்வாளரைவிடக் கவிஞர் தெளிவாகச் சொல்லிவிட்டார். 1947இல் ஜஸோர், குல்னா, பரீத்பூர், ராஜ்ஷாஹி என்று காந்தாவின் தாய்நிலங்களில் பெரும்பகுதி எல்லைக்கு அப்பால் போயின. 1971க்குப் பின் வங்கதேசத்திலும், 1980களிலிருந்து மேற்கு வங்கத்திலும் இக்கலை வாழ்வாதாரமாகப் புதுப்பிக்கப்பட்டது. போரில் எல்லாம் இழந்த பெண்களுக்கு ஊசி சோறு போட்டது; அதைக் குறைத்துச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

ஆனால் தையலின் முறை மாறிவிட்டது. இப்போது வடிவத்தை ஒருவர் மெல்லிய தாளில் வரைகிறார். கோட்டின்மேல் ஊசியால் துளையிட்டு, மண்ணெண்ணெயில் கரைத்த நிறப்பொடியைத் தடவினால் புதுத் துணியில் கோலம் இறங்கிவிடும். அது கிராமத்துக்குப் போகும்; நூலும் நிறமும் சொல்லியனுப்பப்படும்; கூலி உருப்படிக் கணக்கில். பழைய துணி இல்லை, அடுக்கும் இல்லை. நம் ஊர்க் கடைகளில் ‘காந்தா ஒர்க்’ என்று விற்கும் பட்டுப்புடவை ஒற்றைத் துணிமேல் ஓடிய தையல் மட்டுமே. சொல்லின் முதற்பொருளான கந்தை அதில் அறவே இல்லை. அதே ஓட்டத் தையல்தான், கையும் அதே கைதான். எதை எங்கே வைப்பது என்ற முடிவு மட்டும் அந்தக் கையிடம் இல்லை.

மேற்கு வங்க நக்‌ஷி காந்தாவுக்கு 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2023இல் பிரீத்திகணா கோஸ்வாமிக்கும் 2024இல் தக்தீரா பேகத்துக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. இருவரும் தாமே தைத்தும் பிற பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தும் வந்தவர்கள். அருங்காட்சியகங்களில் காந்தாக்களின் விவரச் சீட்டைப் படிப்பது என் வழக்கம். மாவட்டம், நூற்றாண்டு, துணி, நூல், நீள அகலம், நன்கொடையளித்தவர் பெயர் எல்லாம் இருக்கும். தைத்தவர் என்ற இடத்தில் பெரும்பாலும் ‘பெயர் தெரியவில்லை’ என்றிருக்கும். அதன்பின் நான் போர்வையின் ஓரத்துக்குப் போய், எழுத்துப்போலத் தோன்றும் தையல் ஏதேனும் இருக்கிறதா என்று பார்ப்பேன். சில சமயம் இருக்கிறது.