ஸ்டூபென்வில் நகரப் பள்ளி மாவட்டம்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஒஹாயோ ஆற்றங்கரையில் உள்ள ஸ்டூபென்வில் நகரின் அரசுப் பள்ளி நிர்வாகம். எஃகு ஆலைகள் நலிந்ததால் மக்கள்தொகையும் வருமானமும் சரிந்த ஊர் இது. மாணவர்களில் பெரும்பாலோர் ஏழைக் குடும்பத்தினர். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து படிக்கிறார்கள்.

இத்தகைய மாவட்டங்களில் தேர்ச்சி குறைவாக இருப்பதே வழக்கம். இங்கோ ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக, மூன்றாம் வகுப்பினரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் மாநில வாசிப்புத் தேர்வில் தேறிவருகின்றனர். பல பணக்கார மாவட்டங்களே எட்டாத அளவு அது.

2000ஆம் ஆண்டில் ஏற்ற ‘சக்சஸ் ஃபார் ஆல்’ முறை முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஸ்லேவின், நான்சி மேடன் இருவரும் உருவாக்கியது இது. தினமும் 90 நிமிடம் வாசிப்புக்கே. அப்போது குழந்தைகள் வயதை விட்டு, வாசிப்புத் திறனை வைத்துப் பிரிந்து அமர்கிறார்கள். எழுத்தொலிப் பயிற்சி, இருவர் இருவராக உட்கார்ந்து படித்தல், பின்தங்கியவருக்குத் தனிப் பயிற்சி எல்லாம் உண்டு. மழலையர் வகுப்பிலேயே முழு வாக்கியத்தில் பேசப் பழக்குவதும் வழக்கம்.

முறையைவிட, அதை மாற்றாமல் நீண்டகாலம் கடைப்பிடித்ததே அரிது எனலாம். வேடிக்கை என்னவென்றால், 2023இல் ஒஹாயோ வாசிப்புக் கல்விச் சட்டம் இயற்றியபின் வெளியிட்ட அங்கீகாரப் பட்டியலில் இம்முறை முதலில் இடம்பெறவில்லை.